அந்த ஐம்பது கைப்பிரதிகள்

போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தி மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான்: "அண்ணே, எப்படி ஓட்டுப் போடணும்னு சபைல சொல்லலாமா, கூடாதா?" அங்கேயே நாலு வரி எழுதிப் பார்த்தேன், போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் விசுவாசி, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

2008 அக்டோபர். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு அமெரிக்க சபையின் கட்டடத்தை ஞாயிறு மாலைகளில் வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். எச்1பி விசாவில் வந்த எங்களில் பாதிப் பேருக்கு அந்த நாட்டில் ஓட்டே கிடையாது. அன்றைக்கு ஆசீர்வாதம் கூறி முடித்ததும், பின் ஹாலில் பிரியாணி டிரேயைத் திறப்பதற்கு முன்பு, பாஸ்டர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கமான சுவிசேஷக் கைப்பிரதி என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் 'ப்ராப் 8' என்ற மாநில வாக்கெடுப்பில் 'ஆம்' போடச் சொல்லும் பிரசுரம். "ஓட்டு இல்லாதவங்க ஆளுக்கு ஐம்பது எடுத்துட்டுப் போய்க் குடுங்க, இதுவும் ஊழியம்தான்" என்றார். நானும் எடுத்தேன். எங்கள் அபார்ட்மெண்டில் கதவு கதவாகச் செருகிவிட்டு வந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அந்த வருடம் மே 15-ல், தன்பாலினத்தவருக்கும் திருமண உரிமை உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஜூனில் கல்யாணங்கள் தொடங்கின. நவம்பருக்குள் சுமார் 18,000 ஜோடிகள் பதிவு செய்துகொண்டார்கள். கைக்கு வந்த அந்த உரிமையை, மாநில அரசியல் சட்டத்தையே திருத்திப் பிடுங்குவதற்கு வந்ததுதான் ப்ராப் 8. அது சேர்க்கச் சொன்ன வரி ஆங்கிலத்தில் மொத்தமே 14 சொற்கள்.

அதை ஜெயிக்க வைத்ததில் சபைகளின் பங்கு சாதாரணமானது அல்ல. ஜூன் 29 ஞாயிறு, மார்மன்கள் என்ற அமெரிக்க மதப்பிரிவின் தலைமையிடத்துக் கடிதம் ஒன்று அந்த மாநிலத்து மார்மன் சபைகளில் வாசிக்கப்பட்டது. இதற்காக உங்கள் பொருளையும் நேரத்தையும் கொடுங்கள் என்றது கடிதம். மாநில மக்கள்தொகையில் மார்மன்கள் 2 சதவீதம் அளவுதான், ஆனால் திரண்ட பணத்திலும் வீடு வீடாகப் போனவர்களிலும் பெரும்பங்கு அவர்களுடையது. கத்தோலிக்கரின் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் அமைப்பு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பிரபல பாஸ்டர் ரிக் வாரன் தன் சபையாரிடம் வெளிப்படையாகவே ஆதரவு கேட்டார். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு சான் டியேகோவில் ஒரு பெரிய கால்பந்து மைதானத்தில் உபவாச ஜெபம் நடந்தது. மார்மன்களைக் கிறிஸ்தவர்கள் என்றே ஒப்புக்கொள்ளாத சபைகள்கூட இதில் மட்டும் அவர்களோடு ஒன்று சேர்ந்தன. கலிஃபோர்னியாவின் எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன் வழி வந்த சபை) பிஷப்புகள் இதை எதிர்த்து அறிக்கை விட்டதை எங்கள் சபையில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

சட்டப்படி இது குற்றம் இல்லை. அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற சபை ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கத்தான் தடை. இப்படிப்பட்ட வாக்கெடுப்பில் ஓரளவுக்குப் பிரசாரம் செய்யலாம். சரி, செய்யட்டும். திருமணம் பற்றி வேதம் இப்படித்தான் சொல்கிறது என்று ஒரு பாஸ்டர் நம்பினால், அதைப் பிரசங்கிக்கும் உரிமையை நானும் மதிக்கிறேன்.

எனக்கு ஆறாதது, பிரசங்க பீடத்தில் நின்று சொன்ன பொய். "இது தோற்றா இந்த மாதிரிக் கல்யாணத்தை நம்ம சபைலயே நடத்தச் சொல்வாங்க, மாட்டேன்னா என்னைத் தூக்கி ஜெயில்ல போடுவாங்க" என்றார் எங்கள் பாஸ்டர். எந்த மதமும் தன் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, எந்தப் போதகரும் தன் நம்பிக்கைக்கு விரோதமான திருமணத்தை நடத்த வேண்டியதில்லை என்று அதே மே மாதத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடம். "பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல இதைச் சொல்லிக் குடுத்துருவாங்க" என்ற ஒரு வார்த்தைதான் எங்கள் அம்மாமார்களை ஆட்டிவைத்தது. அந்த 14 சொற்களில் பள்ளிக்கூடமே கிடையாது. மாநிலக் கல்வித் துறைத் தலைவரே விளம்பரத்தில் வந்து அதைச் சொன்னார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை ஞாயிறு பள்ளியில் எங்களை மனப்பாடம் செய்யவைத்தவர்கள் இவர்கள்.

எங்கள் ஆராதனையில் கீபோர்டு வாசித்த ஒரு தம்பி இருந்தான். பெட்டி வந்த அந்த மாலையும் அவன்தான் கடைசிப் பாட்டுக்கு வாசித்தான். சாப்பிடாமல் கிளம்பிப் போனவன், அதற்கப்புறம் வரவில்லை. வேலை மாறியிருக்கும் என்று பேசிக்கொண்டோம், ஒருத்தரும் போன் போடவில்லை. பல வருடம் கழித்து ஒரு கடையில் பார்த்தேன். காபி குடித்துக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னான். நான் ஐம்பது கைப்பிரதி எடுத்ததைச் சொன்னேன். "தெரியும்ணே. நானும் அதே அபார்ட்மெண்ட்தானே. என் கதவுலயும் ஒண்ணு இருந்துச்சு" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மார்ட்டின் லூதர் கிங்கும் பீடத்தில் நின்றுதானே போராடினார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சபை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவர், உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று போராடினார். நாங்களோ, அடுத்தவன் கையில் அப்போதுதான் வந்திருந்த ஒன்றைப் பறிக்க வரிசையில் நின்றோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

ப்ராப் 8 அன்று 52 சதவீதத்தில் ஜெயித்தது. 2010-ல் ஒரு நீதிபதி அதைச் செல்லாது என்றார், மேல்முறையீடெல்லாம் முடிந்து 2013-ல் கலிஃபோர்னியாவில் திருமணங்கள் திரும்பத் தொடங்கின. 2015-ல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. 2022-ல் இந்தத் திருமணங்களைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை, மத சுதந்திரத்துக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி, மார்மன் சபையே ஆதரித்தது. அரசியல் சட்டத்தில் அப்படியே கிடந்த அந்த 14 சொற்களை நீக்க 2024 நவம்பரில் ப்ராப் 3 வந்தது. இப்போது எனக்கும் ஓட்டு உண்டு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து 'ஆம்' வட்டத்தை நிரப்பினேன். 62 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு அது ஜெயித்தது. இத்தனை வருடத்தில் எந்த பாஸ்டரையும் யாரும் ஜெயிலில் போடவில்லை.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சபை இன்னும் கேட்கவில்லை. 2008-ல் பீடத்தில் சொன்னது தவறு என்று அதே பீடத்தில் நின்று சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மூப்பர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். எங்கள் சபையார் இதைப் படித்தால், அன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்தவர்கள் கூடவந்து கையெழுத்துப் போடுங்கள்.