ஐபிடிஜி கிராம் என்ன விலை?

பயோடெக் படிக்கிற பிள்ளைகளிடம் "கூடவே ஒரு எம்பிஏவும் போட்டுடு, அப்பதான் மேலே போகலாம்" என்று சொல்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு வியாபாரம் தெரிய வேண்டும், சரி. ஆனால் அதைக் கற்க லேபை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. லேபுக்குள்ளேயே கற்றால்தான் உருப்படும்.

நான் புரத உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் என்னையும் உட்காரவைப்பார்கள். பாக்டீரியா வளர்க்க ஊற்றும் எல்பி மீடியத்தில் என்னென்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: லிட்டருக்கு ட்ரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, உப்பு 10. "இந்த ஒரு லிட்டருக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டால் சத்தமே வராது. நான் ஏதோ பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டது போலச் சிலர் பார்ப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நான்கு வருடத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவிலிருந்து புரதம் எடுக்க, அதன் ஜீனைத் தூண்டிவிடும் ஐபிடிஜி என்ற ரசாயனத்தைச் சேர்ப்போம், செறிவு ஒரு மில்லிமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் 100 மில்லி பிளாஸ்குக்கு அது 24 மில்லிகிராம். விலையை யார் யோசிப்பார்கள்? அதே அளவை கம்பெனியில் செல் வளர்க்கும் 1000 லிட்டர் தொட்டிக்கு, அதாவது பெர்மென்டருக்குப் போட்டால் 238 கிராம். ஒரு பேட்சுக்கு மட்டும். இப்போது பர்ச்சேஸ் ஆள் உங்கள் மேஜைக்கு வந்து நிற்பார்.

அங்கேதான் சுவாரஸ்யம் தொடங்குகிறது. பதிலுக்கு லாக்டோஸ் போட்டால் என்ன? பாற்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, மலிவு. ஆனால் ஐபிடிஜியை செல் தின்னாது, லாக்டோஸைத் தின்றுவிடும். குளுக்கோஸ் மிச்சம் இருக்கும்வரை லாக்டோஸ் பக்கம் திரும்பாது. அப்படியானால் எப்போது ஊட்டுவது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம்? ஜாக்கப்பும் மோனோவும் 1961-இல் எழுதிய லாக் ஓபரான், அதாவது லாக்டோஸைத் தின்னும் ஜீன்களை செல் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்ற கதை, நீங்கள் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்த அதே பாடம், இந்த முறை கொட்டேஷனோடு திரும்பி வருகிறது. விலையைக் கேட்டதால்தான் இந்த அறிவியல் கேள்வியே பிறந்தது. இதை எந்த எம்பிஏ வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

செல்லிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பிலும் இதே கதைதான். ஐந்து படிகள், ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் தேறுகிறது என்றால் வைவாவில் சபாஷ் வாங்கலாம். பெருக்கிப் பாருங்கள்: கடைசியில் மிஞ்சுவது 33 சதவீதம். செல்கள் பாடுபட்டுச் செய்ததில் மூன்றில் இரண்டு பங்கு போயே போச்சு. புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் விலை உயர்ந்த ரெசின் வாங்கி ஒரு படியை மட்டும் 90 ஆக்கினால் 37 கிடைக்கும். தூய்மை கெடாமல் ஒரு படியையே நீக்க முடிந்தால் 41. எதைச் செய்வீர்கள் என்று கேட்டால், காகிதத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கும் பிள்ளையை நான் உடனே எடுத்துக்கொள்வேன். ஆங்கிலம் திக்கினாலும் பரவாயில்லை.

ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸை நினைத்துப் பாருங்கள். 1993-இல் வரப்பிரசாத் ரெட்டி தொடங்கியது. அவர் உயிரியல்காரர் அல்ல, இன்ஜினியர். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வெளியிலிருந்து வந்து பல நூறு ரூபாய்க்கு விற்ற காலத்தில், 1997-இல் ஐம்பது ரூபாய் அளவில் தங்கள் ஊசியைக் கொண்டுவந்தார்கள். பிக்கியா என்ற ஈஸ்டில் தயாரித்தது. நல்ல மனது வேண்டும்தான். ஆனால் ஒரு லிட்டர் ஈஸ்டிலிருந்து ஊசிக்குள் போகும் புரதமான ஆன்டிஜன் எவ்வளவு தேறும் என்று தெரியாமல் அந்த விலையை யாராலும் எழுதியிருக்க முடியாது.

"விலை, பேட்டன்ட் அதற்கெல்லாம் தனியாக ஆள் இருக்கிறார்களே" என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். இருந்தார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே இலக்கை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விஷயம் பேட்டன்ட் பார்க்கும் அரசு நிறுவனத்துக்கும் போனது. உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். 1984-இல் நோபல் வந்தது, பேட்டன்ட் வரவே இல்லை. இன்று உலகின் பெரிய மருந்து வியாபாரங்களில் அந்த ஆன்டிபாடிகளும் ஒன்று.

ஸ்டான்போர்டில் வேறு மாதிரி. கோஹன், போயர் இருவரின் டிஎன்ஏ வெட்டி ஒட்டும் கட்டுரை 1973 நவம்பரில் வந்தது. உரிமம் பார்க்கும் அலுவலகத்தின் நீல்ஸ் ரைமர்ஸ் அடுத்த ஆண்டு செய்தித்தாளில் அதைப் பற்றிப் படித்துவிட்டு ஓடினார். கட்டுரை வந்தபின் விண்ணப்பிக்க அமெரிக்கா தரும் ஓராண்டுக் கெடு முடியும் தறுவாயில், 1974 நவம்பரில், விண்ணப்பம் போனது. கட்டுரை முன்பே வெளியாகிவிட்டதால் வெளிநாட்டு உரிமைகள் போயிருந்தன. அமெரிக்க உரிமையை மட்டும் வைத்தே 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. நம் பிள்ளைகளோ கான்பரன்ஸில் போஸ்டர் ஒட்டி, பரிசும் வாங்கிவிட்டு வந்து, "பேட்டன்ட் போடலாமா சார்?" என்கிறார்கள். முன்பே வெளியிட்டுவிட்டவர்களுக்கு நம் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் குறுகலானவை. போஸ்டருக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இதற்காகப் புதுப் பேப்பர், புது சிலபஸ், கெஸ்ட் லெக்சர், சர்டிபிகேட் கோர்ஸ் என்று கிளம்பிவிடாதீர்கள். பிராக்டிகல் ரெக்கார்டில் நோக்கம், செய்முறை, முடிவு என்று எழுதச் சொல்கிறோம் அல்லவா? முடிவுக்குக் கீழே இன்னும் மூன்று வரி: இந்தப் பரிசோதனைக்கு என்ன செலவானது, அதில் எது அதிகம், ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் முதலில் எது இடிக்கும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வைவாவில் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த பேட்ச் தானாகவே எழுதிக்கொண்டு வரும். விலை விவரத்துக்கு எங்கே போவது என்று எந்த ஹெச்ஓடியும் கேட்க முடியாது; அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் கல்லூரி ஸ்டோர்ஸில் பில் இருக்கிறது.