மாமாவும் என் காரும்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் பாலைவனத்தைப் பற்றி யாரும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார், அது வேறு. பத்து வண்டிகள் வரிசையாக மணல்மேட்டில் ஏறுமாம். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து மணலில் புதையாமல் போகும். முன்வண்டி உச்சியைத் தாண்டும்வரை பின்வண்டி ஏறக் கூடாது. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். எல்லாம் சரிதான், மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து விலகி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறக்கினார். என் காரை! முன்சக்கரம் மட்டுமே இழுக்கிற சாதாரண கார், டயரில் முழுசாக 33 பிஎஸ்ஐ காற்று. முப்பதடி போகவில்லை. சிக்கிய பிறகாவது காலை எடுத்தாரா? இன்னும் மிதித்தார். வண்டி வயிறு தட்ட உட்கார்ந்துவிட்டது. டிபன் பாக்ஸ் மூடியால் நான் தோண்டிக்கொண்டிருக்க, இவர் இடுப்பில் கை வைத்து, “அங்கே மணல் வேற மாதிரி, மாப்பிள்ளை” என்கிறார்.

படகு இழுக்கும் கயிற்றோடு வந்த மீனவர்களில் பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: “காற்றை இறக்கினீர்களா?” மாமா கடலைப் பார்த்தார்.

ஏசி போட்டால் இன்னும் மணல் வருகிறது. அடுத்த வாரம் மரக்காணம் போகலாம் என்கிறார். கார் சாவி இப்போது அரிசிப் பானைக்குள் இருக்கிறது.