கேட்காமல் மறுத்தால் ஹைகோர்ட்டே கட்டட அனுமதி தருமா?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “உங்களை அழைத்துக் கேட்காமல் மாநகராட்சி கட்டட பிளானை நிராகரித்ததா? அப்பீல் வேண்டாம். பம்பாய் ஹைகோர்ட்டில் ரிட் போடுங்கள், நீதிபதியே அனுமதி தருவார். 1985 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது.”

(ரிட் என்பது அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து நேரடியாக ஹைகோர்ட்டில் போடும் மனு.) தீர்ப்பு இருப்பது உண்மை. பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்துப் போடப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கு அது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் பிழைக்க வந்த கூலித் தொழிலாளி (நம்மவர்கள் இதை மறந்தே போனார்கள்). கேட்டாலும் முடிவு மாறாது என்று சொல்லி ஒருவரைக் கேட்காமல் விடக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் நடைபாதைக் குடிசைகளை அகற்றும் மாநகராட்சியின் அதிகாரத்தை அது ரத்து செய்யவில்லை. மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை தள்ளிவைத்தது, அவ்வளவுதான்.

கட்டட அனுமதி ரிட்டிலும் அப்படித்தான். முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கோளாறு இருந்தால் உத்தரவை ரத்து செய்து, ‘கேட்டுவிட்டு மறுபடி முடிவெடு’ என்று பெரும்பாலும் அதே அதிகாரியிடமே அனுப்பும். பிளானில் பக்க இடைவெளி (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்) குறைந்தால் இரண்டாம் முறையும் மறுப்புதான் வரும்.

“அப்பீல் வேண்டாம்” என்பதுதான் விஷமம். மகாராஷ்டிர வட்டார, நகர அமைப்புச் சட்டம், 1966இன் 47ஆம் பிரிவின்படி, மறுப்பு கைக்கு வந்த 40 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த வழி இருக்கும்போது ரிட்டை ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம். கேட்காமல் மறுத்தது ஏற்பதற்கு ஒரு காரணமாகலாம்; உத்தரவாதமில்லை. ரிட்டை நம்பிக் காத்திருந்தால் அந்த 40 நாளும் கழிந்துவிடும்.