பிணத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை

நம் வாசகர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கொலையை வைத்துச் சிரிக்கவைக்கும் 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்' நாவலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, "உங்க வீட்டுல ஒரு கொலை விழுந்தா இப்படித்தான் சிரிப்பீங்களா?" என்று கேட்டார். நாலு பேர் கைதட்டினார்கள். கேள்வியைவிட அந்தக் கைதட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

அந்த நாவலில் செத்தவனைப் பார்த்து யாருமே சிரிக்கவில்லை. நைஜீரியாவின் ஒயின்கான் பிரைத்வெயிட் 2018இல் எழுதியது. லாகோஸில் கொரெடே என்றொரு நர்ஸ். தங்கை அயூலா காதலனைக் கொன்றுவிட்டு அக்காவைக் கூப்பிடுகிறாள். இது மூன்றாவது ஆள். அக்கா பிளீச்சைக் கொண்டுபோய்க் குளியலறையைத் தேய்த்துக் கழுவுகிறாள். அப்புறம் அவளுக்கு என்ன கவலை தெரியுமா? காதலனை ஊரே தேடிக்கொண்டிருக்கும்போது தங்கை சந்தோஷமாக எதையாவது சமூக வலைதளத்தில் போட்டுவிடக் கூடாதே என்பதுதான். துக்கத்தில் இருப்பவள் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சிரிப்பு வருவது அங்கேதான், உயிரோடு இருப்பவர்கள் போடும் வேஷத்தைப் பார்த்து. கொலை செய்த கத்தி அப்பாவுடையது. மகள்களை அடித்து நொறுக்கிய அப்பா. அந்தப் பக்கங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைதட்டியவர்கள் அதுவரை படித்தார்களா?

எங்கள் பெரியப்பா இறந்தபோது ஃப்ரீசர் பெட்டி வாடகையை யார் கொடுப்பது என்று அண்ணன்கள் இருவரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாக்குவாதம் செய்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று நிறுத்தி, "அவருகிட்டயே கேளுங்கடா, சட்டைப் பையில வச்சிருப்பாரு" என்றார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் சிரித்தது பெரியம்மாதான். அடுத்த நிமிடம் பெட்டியின் கண்ணாடிமேல் கவிழ்ந்து அப்படி அழுதார். அவருக்குப் புருஷன்மேல் பாசமில்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருக்கிறதா?

"நிஜமாகவே வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் படித்தால் வலிக்காதா?" வலிக்கும். அவர்கள் படிக்க வேண்டாம், நான் வற்புறுத்த மாட்டேன்.

"இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் வக்கீல் வசந்த், ஒரு கொலை வழக்குக்கு நடுவில் அடிக்காத ஜோக்கா? அதைப் படித்துத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்! அப்போது யார் மனமும் புண்படவில்லை. ஒரு பெண் எழுதி, இன்னொரு பெண் மேடையேறிச் சிலாகித்தால் மட்டும் வீட்டில் கொலை விழுமா என்று கேட்கத் தோன்றுகிறது. நிஜக் கொலைகளைப் பின்னணி இசை போட்டு விற்கும் யூடியூப் வீடியோக்களை நம் குழுவிலேயே தினமும் பகிர்கிறார்கள். செத்தவர்களின் குடும்பம் உண்மையில் இருக்கிற இடம் அது. அங்கே ஒருவரும் எழுந்து நின்று கேட்டதில்லை.

நேற்று இன்னொன்று. நான் அடுத்த மாதத்துக்குச் சொல்லியிருந்த 'தி ஆக்ஸ்' நாவலையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டொனால்ட் வெஸ்ட்லேக் 1997இல் எழுதியது. காகித ஆலை வேலையிலிருந்து ஆட்குறைப்பில் துரத்தப்பட்டவன், போலி வேலை விளம்பரம் கொடுத்து, வந்த பயோடேட்டாக்களில் தனக்குப் போட்டியாக வரக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துக் கொல்லக் கிளம்புகிறான். அவன் கொல்லப்போகிறவர்களும் அவனைப் போலவே வேலை போனவர்கள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரையாவது பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். எங்கள் வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தப் புத்தகத்தைச் சொன்னேன்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், தருகிறேன். முழுதாகப் படித்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள்.