அஞ்சு கோடி வருஷத்துச் சாளை

மாமா மகன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப சாக்லேட்டோட ஒரு கல்லும் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலம், சந்தன நிறம். நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு மீன், காப்பிக்கொட்டை நிறத்துல. விலா முள்ளெல்லாம் தலைமுடி கணக்கா மெல்லிசு. வால் கவட்டைகூட அப்படியே இருக்கு.

"கருவாட்டை எதுக்குடா ஷோகேஸ்ல வைக்கிற?"ன்னு கேட்டாங்க அம்மா. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து, வயித்து ஓரத்தைக் காட்டி, "இங்கன பாரு, ரம்பம். சாளையேதான்."

நாப்பது வருஷம் மீன் ஆய்ஞ்ச கை, தப்பாச் சொல்லுமா? அந்த ரம்ப ஓரம் சாளை, மத்தி கூட்டத்து அடையாளம். இந்தக் கல்லு மீன் அந்தக் கூட்டத்துக்குப் பங்காளி முறை. ஆனா கடல் மீன் இல்ல, ஏரி மீன்.

பேரு நைட்டியா. (சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நானும் சிரிச்சேன்.) வயோமிங் மாநிலத்து நிலவியலாளர் வில்பர் நைட் நினைவா 1907-ல மீன் ஆராய்ச்சியாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் வச்ச பேரு. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்த ஏரியில கூட்டங்கூட்டமாத் திரிஞ்சது. பெரிய மீனுக்கெல்லாம் இதுதான் சாப்பாடு. இதை வாயில கவ்வுனபடியே கல்லாப்போன பெரிய மீனும் கிடைச்சிருக்கு.

மேலூர்ப் பக்கம் கண்மாய் வத்துறப்ப பார்த்திருப்பீங்க. ஊத்தாவும் கச்சாவுமா ஊரே இறங்கிடும். மிச்சத்தைக் கொக்கும் காக்காவும் பார்த்துக்கும், மறுநாள் ஒரு முள்ளு மிஞ்சாது. ஆனா வயோமிங் ஏரியோட ஆழத்துல ஆக்சிஜன் இல்ல, அதனால செத்து விழுந்ததைக் கலைக்க ஆளில்ல. மாவு மாதிரி சுண்ணாம்புச் சேறு மேல மேல படிஞ்சு மூடிருச்சு. ஒரே பலகைக் கல்லுல கும்பலாக்கூடக் கிடக்கும்.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். டைனோசர் எலும்பு ஏராளமாக் கிடைக்கிற மாநிலம் வயோமிங். இருந்தும் 1987-ல மாநிலப் புதைபடிவம்னு இந்தப் பொடி மீனைத்தான் அறிவிச்சாங்க. டைனோசருக்கு 1994 வரைக்கும் மாநில மரியாதை கிடைக்கல. கெம்மரர் ஊர்ப் பக்கம் காசு கட்டினா சுத்தியலும் உளியும் குடுத்து, நீயே பிளந்து எடுத்துக்கோன்னு விடுற தனியார் குவாரிகள் இருக்கு.

நம்ம யானைமலையைப் பிளந்தா ஒரு செதில் கிடைக்காது, அது பூமிக்குள்ள வெந்து இறுகின பாறை. ஆனா அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுல டைனோசர் காலத்துக் கடல் சிப்பி கிடக்கு. அதே சுண்ணாம்புக்கல் வண்டி வண்டியா சிமெண்டுக்குப் போகுது. அதுல ஆளுக்கு ஒண்ணுன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கையில குடுத்தா என்ன குறைஞ்சு போகும்? அபூர்வமானதை மியூசியத்துல வைங்க, வேணாங்கல. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு சிப்பிக் கல் இருந்துச்சு. ஆறு வருஷமும் பீரோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தேன். சாவி யார்கிட்டன்னு கடைசி வரைக்கும் தெரியல.

நம்ம வீட்டு ஷோகேஸுக்குப் பூட்டு கிடையாது. எதிர்வீட்டுப் பொடியன் தினம் சாயங்காலம் வந்து முள்ளு எண்ணுறான். நேத்து இருபத்தேழு, இன்னைக்கு முப்பத்தொண்ணு. கை கழுவிட்டுத் தொடுடான்னு அம்மா மட்டும் சத்தம் போடுறாங்க.