விரல் நசுங்கினால் 20 ரூபாய் காப்பீடு கைகொடுக்காது

"இன்சூரன்ஸ் இருக்குண்ணே" என்று வண்டி மெக்கானிக் பட்டறைத் தம்பிகள் சொல்லும்போது எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமாவாகத்தான் இருக்கும். 2015இல் 12 ரூபாய்க்கு வந்த திட்டம். எல்லோரிடமும் இருக்க வேண்டியதுதான். ஆனால் விபத்தில் உயிரோ இரண்டு கை, கால், கண்களோ போனால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். அதோடு சரி.

பட்டறையில் நடப்பது வேறு. ஃபேன் பெல்ட்டில் விரல் மாட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வேகும். ஜாக்கி நழுவிக் கால் முறியும். கை கால் உடம்போடுதான் இருக்கும், ஆனால் இரண்டு மாதம் ஸ்பேனர் பிடிக்க முடியாது. கூலி நின்றுபோய் வீடு வட்டிக்கு வாங்க ஆரம்பிக்கும். அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் இதற்கு ஒரு பைசா கிடையாது.

அதனால்தான் மேற்கொண்டு ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி வேண்டும் என்கிறேன். அதில் விரலுக்கும் கணக்கு உண்டு. கட்டைவிரல் முழுதாகப் போனால் வழக்கமாகக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10. அதைவிட முக்கியம், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் வருமா என்பது. 'தற்காலிக முழு முடக்கம்' என்று போட்டிருக்கும். பொதுவாக வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், உச்சவரம்பு தனி. மலிவான பாலிசிகள் பலவற்றில் இது இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

தொழில் என்ற இடத்தில் 'மெக்கானிக்' என்றே எழுதுங்கள். காப்பீட்டுக்காரர்கள் அலுவலக வேலையைவிட ஆபத்தான இரண்டாம் பிரிவில் மெக்கானிக்கை வைப்பார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடும். அதை மிச்சம் பிடிக்க 'வியாபாரம்' என்று எழுதினால் பணம் கேட்கும்போது இழுத்தடிப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் "வீட்டில் வழுக்கி விழுந்தான்" என்று சொல்லாதீர்கள். அங்கே எழுதும் வரியைத்தான் காப்பீட்டுக்காரர்கள் முதலில் படிப்பார்கள்.

இந்தப் பாலிசிக்கான பிரீமியத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 10 பேர் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு வரும், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் வேலையில் அடிபட்டால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நம் பட்டறைகளில் இருப்பதோ நாலைந்து பேர். அவர்கள் உழைப்பில்தான் கடை நடக்கிறது. ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. அதிலும் பதிந்து கொடுங்கள், செலவே இல்லை.

அப்புறம், பாலிசி நகலைக் கடை மேஜையில் பூட்டி வைக்காமல் ஒவ்வொருவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.