மண்டபம் நடைமுறை டெல்லியில் செல்லாது

டெல்லித் தமிழ் மாணவர்கள் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போவதாக வந்த கட்டுரையைப் படித்தேன், நல்ல செய்தி. ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதாக அதில் வந்திருப்பது தவறு. நாம் கையெழுத்திடவே இல்லை. ராமேஸ்வரம் அருகே ஈழத்தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் டெல்லியில் தடுமாறுவார்கள். ஈழத்தமிழர் விவகாரம் அரசின் கையில். டெல்லியிலுள்ள ஆப்கானியர், மியன்மார்க்காரர்களைப் பதிவு செய்வது ஐ.நா. அகதிகள் முகமை. அது தரும் அட்டை விசா ஆகாது. காலாவதித் தேதியையும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் முதல் நாளே பாருங்கள். மருத்துவமனைச் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் பிறகு அலைச்சல்தான்.

பள்ளிச் சேர்க்கையில்தான் தன்னார்வலருக்கு அதிக வேலை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பு, 4ஆம் பிரிவு. ஆதார் கேட்டுத் திருப்பி அனுப்பினால் வாய்ச்சண்டை வேண்டாம். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தில் புகார் தரக் கட்டணமில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.

தயவுசெய்து அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஊரில் விட்டுவந்த உறவினருக்கு அது ஆபத்து.